'இலைக்குப்பை' வேண்டாம், 'உதிர்வடுக்கு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் சருகு, சுள்ளி, பூ, காய், பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் 'லிட்டர்' (litter) என்பார்கள். அதைத் தமிழில் 'இலைக்குப்பை' எனலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. உழவர் பேச்சில் குப்பை எருவையும் குறிக்கும், சரிதான். ஆனால் பாடநூலில் படிக்கும் பிள்ளைக்குப் பெருக்கித் தள்ள வேண்டிய ஒன்றாகத்தான் அது தோன்றும்.

வெப்பமண்டலக் காட்டில் நடப்பதோ நேர் எதிர். அங்கே பல இடங்களில் மண் நெடுங்கால மழையில் சத்திழந்தது. இருக்கிற மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே வேர்கள் மேல்நோக்கி வருகின்றன. ஈரச் சருகு ஒன்றை மெல்லத் தூக்கினால், அடிப்பக்கத்தில் நூல் போன்ற வேர்கள் ஒட்டிக்கொண்டே வரும். கூடவே வெள்ளையாகப் பூஞ்சை இழைகள். இலை மட்கும்போது வெளிவரும் சத்தை, அது மண்ணில் இறங்குமுன்பே உறிஞ்சிவிடுகிற ஏற்பாடு இது.

வெனிசுவேலாவின் சான் கார்லோஸ் டி ரியோ நெக்ரோ பகுதியில் இந்த வேர்கள் தரைமேல் பாய் விரித்தது போலப் பின்னிக் கிடக்கின்றன. கதிரியக்கக் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அதன்மேல் தெளித்துப் பார்த்த ஆய்வு 1978-இல் வெளியானது. 99.9 விழுக்காடு அங்கேயே தங்கிவிட்டது. இந்த வேர்ப் பின்னலுக்கு 'வேர்ப்பாய்' என்றே வைத்துக்கொள்வோம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பனாமாவின் ஹிகான்டே தீபகற்பத்தில் 2003 முதல் சில நிலத்துண்டுகளில் சருகை மாதந்தோறும் வாரியெடுத்து வேறு துண்டுகளில் கொட்டிவந்தார்கள் ஆய்வாளர்கள். கூடுதலாகச் சருகு விழுந்த இடத்தில் வேர்கள் அதற்குள்ளேயே அதிகம் வளர்ந்தன. அதே தீபகற்பத்தில் 1998-இல் தொடங்கிய உரச் சோதனையில், சாம்பல்சத்து (பொட்டாசியம்) இட்ட இடங்களில் நுண்வேர்களின் எடை குறைந்தது. சத்து எளிதாகக் கிடைத்தால் மரம் வேருக்கு அவ்வளவு செலவிடுவதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மணிச்சத்து இட்ட இடங்களில் உதிர்வு கூடியது.

'உதிர்வு கூடியது' என்று இப்போது இயல்பாக எழுத முடிந்ததைக் கவனியுங்கள். விழும் நிகழ்வுக்கு 'உதிர்வு', தரையில் சேர்ந்து கிடப்பதற்கு 'உதிர்வடுக்கு' என்று இரண்டையும் பிரித்துவிடலாம். 'மண்ணடுக்கு' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். 'மூடாக்கு' அழகான சொல்தான், ஆனால் அது நாமாகப் பரப்புவது. 'சருகு' இலையோடு நின்றுவிடுகிறது.

அப்புறம், 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய வேர்களைச் 'சல்லிவேர்' என்று எழுத வேண்டாம். ஆணிவேருக்கு எதிரான வேர்த்தொகுப்பு வகைக்கு அந்தச் சொல் போய்விட்டது. 'நுண்வேர்' போதும். வேரின்மேல் மயிர்போல முளைக்கும் வேர்த்தூவியோடு இது குழம்பும் என்று யாராவது நினைத்தால் சொல்லுங்கள், 'இழைவேர்' என்பதையும் பார்க்கலாம்.