ஏற்காடு ஏற்றத்தில் பெட்ரோல் வாடை

பழைய வண்டியில் பெட்ரோல் ஒழுகுகிறது என்றாலே "கார்புரேட்டரை மாத்திடுங்க" என்று, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகத்தையே மாற்றச் சொல்லும் பட்டறைகள் அதிகம். எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

என்னுடையது 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். அஸ்தம்பட்டி, கோரிமேடு என்று சேலத்துக்குள் ஓட்டும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. அடிவாரம் தாண்டி, ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எங்கேயாவது ஓரமாக நிறுத்தினால் போதும், கொஞ்ச நேரத்தில் வாடை வந்துவிடும். குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் சூடான என்ஜின்மேல் விழுவது உடனே ஆவியாகிவிடுகிறது. ஆபத்தும் அங்கேதான். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் தயங்காமல் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து, என்ஜின் நன்றாக ஆறியபின் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, டேங்கின் அடி, டேப் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), ட்யூப், கார்புரேட்டர் என்று முகப்பவுடரைத் தூவினேன். ஈரம் பட்ட இடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். டேப்பை மூடியும் ஒழுகினால் கோளாறு டேங்கிலோ டேப்பிலோ இருக்கிறது, மூடியதும் நின்றால் டேப்புக்குக் கீழே. எனக்கு நின்றது, கார்புரேட்டரில் மிஞ்சும் பெட்ரோலை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ ட்யூபின் முனை மட்டும் ஈரம்.

கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் ஃப்ளோட் என்ற மிதவை எழும்பி, நீடில் என்ற ஊசியால் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். ஓவர்ஃப்ளோவில் வருகிறது என்றால் ஃப்ளோட் நீடில் சரியாக அடைக்கவில்லை, அல்லது ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து அது மிதக்காமல் கிடக்கிறது, அல்லது ஓவர்ஃப்ளோவுக்காகக் கிண்ணத்துக்குள் நிற்கும் பித்தளைக் குழாயில் மயிரிழை விரிசல். இந்த மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை, புது நீடில் போட்டும் ஒழுகுகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும் அளவு பெட்ரோல் ஊற்றி, கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பாருங்கள், அடியில் சொட்டினால் விரிசல்தான். என்னுடையதில் சொட்டவில்லை. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே சத்தமில்லை. நீடிலின் ரப்பர் முனையில்தான் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஓடும்போது உள்ளே கசிவதை என்ஜின் குடித்துவிடும், நிறுத்தியதும் குடிக்க ஆளில்லை, அத்துடன் ஏற்றத்தில் வண்டி சாய்ந்து நிற்பதால் வழிகிறது, சமதளத்தில் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

நீடிலையும் அது உட்காரும் சீட்டையும் சேர்த்தே மாற்றினேன். அப்புறம் டேப்பைக் கழற்றினால் அதன் வடிகட்டி வலையில் டேங்கின் துருப்பொடி அப்பியிருந்தது. ஒரு துணுக்கு சீட்டில் போய் உட்கார்ந்தாலும் புது நீடில் வீண்தான், அதனால் டேங்கைக் கழுவி, ட்யூபின் நடுவில் ஒரு ஃபில்டரும் போட்டேன். ட்யூபையும் கேஸ்கட்டையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், 1992-ல் செய்த ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஏற்காட்டில் இருக்கும் என் மாமாவின் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக், அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் வகை, அதில் கதை வேறு. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, காலையில் ஸ்டார்ட் ஆக மட்டும் அடம்பிடிக்கும். "மாமா, ஆயில் பாத்தீங்களா?" என்று கேட்டு, ஆயில் அளவு காட்டும் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவுக்கு மேல் ஏறி, பெட்ரோல் வாடை. இரவெல்லாம் டேப் திறந்தே இருக்க, நீடிலைத் தாண்டிய பெட்ரோல் வெளியே வழியாமல் சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் நீர்த்துப்போன ஆயிலில் என்ஜின் தேய்ந்து போயிருக்கும். ஆயிலை முழுக்க வடித்துப் புதுசு ஊற்றி, நீடிலை மாற்றினோம். டேப்பின் வாஷரும் கெட்டியாகி மூடினாலும் கசிந்துகொண்டிருந்தது, அதையும் மாற்றியபின்தான் வண்டியை எடுக்கவிட்டேன்.