அரசு கலையரங்கில் தகவல் கேட்ட அனுபவம்: முன்பதிவுப் பதிவேட்டை நேரில் பார்த்தேன், நீங்களும் எழுதுங்கள்

நாடகக் குழு நடத்துபவர்:

எங்களுடையது சிறிய அமெச்சூர் நாடகக் குழு. பதினாறு பேர், எல்லாருக்கும் பகலில் வேறு வேலை, அதனால் சனி ஞாயிறு மாலை தவிர வேறு நாளில் எங்களால் மேடையேற முடியாது. எங்கள் ஊரில் அரசுக்குச் சொந்தமான கலையரங்கம் ஒன்று இருக்கிறது, தனியார் மண்டபத்தில் கேட்கும் வாடகையில் கால்பங்குதான் அங்கே. ஆனால் இரண்டு வருடமாக எப்போது போய்க் கேட்டாலும் “சனி ஞாயிறு எல்லாம் புக் ஆயிடுச்சு சார்” என்ற ஒரே பதில். யார் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் அதைச் சொல்ல முடியாதாம். அதே சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்த வழியாகப் போனால் கேட் பூட்டியிருக்கும், வாசல் விளக்கு கூட எரியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம் என்று முடிவு செய்தேன். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, “வார இறுதி நாட்கள் ஏன் பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை, இதற்கு யார் பொறுப்பு” என்று இரண்டு பக்கம் கோபமாக எழுதினேன். இருபத்தெட்டாம் நாள் ஒரே வரியில் பதில் வந்தது: கோரப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது. அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சட்டத்தில் காகிதத்தைத்தான் கேட்க முடியும், காரணத்தைக் கேட்க முடியாது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத் தந்தால் போதும், நமக்காகப் புதிதாக விளக்கம் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011இல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணம் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தால் அந்தக் கோப்பின் நகலைக் கேட்கலாம், அது வேறு.

இரண்டாவது மனு நாலே வரி. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரையிலான அரங்க முன்பதிவுப் பதிவேட்டைப் பிரிவு 2(ஜே)யின்படி நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தரவும் என்று மட்டும் எழுதினேன். எதற்குக் கேட்கிறேன் என்று எழுதவில்லை, 6(2) பிரிவின்படி எழுத வேண்டியதும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரச் சொன்னார்கள். நீளமான பேரேடு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. தேதி, நேரம், யார், என்ன நிகழ்ச்சி, வாடகை, முன்பணம், ரசீது எண், கடைசிக் கட்டத்தில் மின்சார மீட்டர் அளவு. கரண்ட் செலவை அரங்கம் எடுப்பவர்தான் கட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பும் பின்பும் மீட்டரைக் குறித்து வைக்கிறார்கள். நான் முதலில் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவே இல்லை, பெயர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் பாதிக்கு மேல் பென்சிலில் “து.நி.” என்று இருந்தது. துறை நிகழ்ச்சி. ரசீது எண் இல்லை, சரி, துறைக்கு வாடகை கிடையாது. ஆனால் மீட்டர் கட்டமும் காலி. நிகழ்ச்சி நடந்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும், ஏசி ஓடியிருக்கும், அளவு குறித்திருப்பார்கள். அந்த வருடத்தில் பென்சில் போட்ட சனிக்கிழமை முப்பத்தொன்று, அதில் மீட்டர் அளவு இருந்தது நாலே நாலுக்குத்தான்.

ஃபோனில் படம் எடுக்க விடவில்லை. குறிப்பெடுக்கும் உரிமை சட்டத்திலேயே இருப்பதால் நோட்டில் எழுதிக்கொண்டு, பதினாலு பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் இருபத்தெட்டு ரூபாய். அந்த நகலை இணைத்துத் துறையின் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்தேன், குற்றச்சாட்டு எதுவும் எழுதாமல், பயன்படுத்தப்படாத சனிக்கிழமைகளில் ஒன்றைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டு. அடுத்த மாதமே தேதி கிடைத்தது. பதினோரு மாதமாக ஒத்திகை பார்த்த நாடகத்தை அந்த மேடையில் போட்டபோது எங்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

இதுபோல அரசு அரங்கங்களில் தகவல் கேட்டவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கூத்துக் குடும்பத்துப் பெண்:

அப்பா முப்பது வருடமாகத் தெருக்கூத்து ஆடுகிறார், எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பன்னிரண்டு பேர். அரசு அரங்கில் வருடா வருடம் நாட்டுப்புறக் கலை விழா நடக்கும், எங்களைக் கூப்பிட்டதே இல்லை. நமக்கு ஆள் தெரியாது, அதனால் கிடைக்காது என்று அப்பா விட்டுவிட்டார். நான் கல்லூரி முடித்த வருடம் மனு போட்டேன். மூன்று வருடத்தில் எந்தெந்தக் குழுவுக்கு மேடை கொடுத்தார்கள், எவ்வளவு மதிப்பூதியம், தேர்வுக்கான அறிவிப்பு, வந்த விண்ணப்பங்களின் பட்டியல், இவற்றின் நகல்கள்.

கலைஞர்களின் தனிப்பட்ட விவரம், தர முடியாது என்றார்கள். முதல் மேல்முறையீடு செய்தேன், அதற்குக் கட்டணம் இல்லை, பதில் கிடைத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்குப் போட வேண்டும். அதில் பிரிவு 10ஐக் குறிப்பிட்டேன். மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்கிற பிரிவு அது. வங்கிக் கணக்கு எண்ணையும் ஃபோன் நம்பரையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு மீதி எல்லாம் அனுப்பினார்கள்.

அந்தக் கட்டில் இருந்த ஒரு பக்க அறிவிப்பைப் படித்தபோதுதான் எனக்கு நெஞ்சு வலித்தது. விண்ணப்பிக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் அறிவித்திருக்கிறார்கள். அரங்கத்தின் உள்ளே இருக்கும் பலகையில், பத்து நாளைக்கு. அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்தில் இருக்கிற கூத்துக்காரர் அந்தப் பலகையை எப்படிப் பார்ப்பார்? அப்பாவுக்கு ஆள் தெரியாதது பிரச்சினை இல்லை, தேதிதான் தெரியவில்லை. அடுத்த வருடம் அந்த மாதத்தில் நானே நேரில் போய்ப் பார்த்து விண்ணப்பித்தேன். விடியும்வரை ஆடுகிற கூத்தை நாற்பது நிமிடத்தில் அடக்கச் சொன்னார்கள், அது வேறு வருத்தம். ஆனால் அப்பா அந்த மேடையில் கிரீடம் கட்டி நின்றார்.

மேடை விளக்கு வேலை செய்பவர்:

பதிவேடு என்றதும் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். நான் நிகழ்ச்சிகளுக்கு லைட் போடுகிறவன். ஒரு அரசு அரங்கத்தில் வாடகை ரசீதிலேயே மேடை விளக்குக்கு என்று தனித்தொகை வாங்குவார்கள், உள்ளே போனால் மேலே தொங்குகிற இருபத்துநாலு பார் கேன் விளக்கில் ஒன்பதுதான் எரியும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போர்டில் பாதி சானல் செத்துக் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து கொண்டுபோய் மாட்டுவோம். இருப்புப் பதிவேடு நகல் கேட்டேன். மின் பராமரிப்பு பொதுப்பணித் துறையின் மின் பிரிவிடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று மனுவையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தப்பு. 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே சரியான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு நமக்குத் தகவல் சொல்ல வேண்டும், நம்மை அலைக்கழிக்கக் கூடாது. அதை எழுதி மேல்முறையீடு செய்ததும் அனுப்பிவைத்தார்கள். வந்த நகலில் பதினஞ்சு விளக்கு கண்டம் செய்யப்பட்டது, அதாவது உதவாது என்று கழிக்கப்பட்டது என்று மூன்று வருடம் முன்பே எழுதியிருக்கிறது. அதற்கப்புறமும் அதே தொகையை வாங்கியிருக்கிறார்கள். ரசீது நகலையும் இதையும் சேர்த்துக் கொடுத்த பிறகு இப்போது விளக்குக் கட்டணம் போடுவதில்லை, புது விளக்கு இன்னும் வரவில்லை.

கச்சேரி கேட்பவர்:

என்னுடையது சின்ன விஷயம். அரங்கின் வாகன நிறுத்தத்தில் ஸ்கூட்டருக்கு இருபது ரூபாய் வாங்கினார்கள். குத்தகை ஒப்பந்த நகல் கேட்டேன், வணிக ரகசியம், 8(1)(டி) என்று பதில். குத்தகைதாரர் வசூலிக்க வேண்டிய கட்டணம் எப்படி ரகசியமாகும் என்று மேல்முறையீட்டில் கேட்டேன், ஒப்பந்தம் வந்தது, இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து ரூபாய் என்று இருந்தது. இப்போது நுழைவாயிலில் கட்டணப் பலகை வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்:

நான் நாற்காலியின் அந்தப் பக்கம் இருந்தவன். ஒரு கலை சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஆறு வருடம் பொதுத் தகவல் அலுவலராக, அதாவது இந்த மனுக்களுக்குப் பதில் தர வேண்டியவனாக இருந்தேன். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முப்பது நாளுக்குள் பதில் தராவிட்டால் தகவல் ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அது அலுவலகப் பணம் இல்லை, அந்த அலுவலர் கைப்பணம். பதிவேடு வேறொருவர் பீரோவில் இருக்கும், அவர் விடுப்பில் போயிருப்பார், பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பயத்தில்தான் பல பேர் எதையாவது ஒரு பிரிவைக் காட்டி மறுத்துவிடுகிறார்கள். அதை நான் நியாயப்படுத்தவில்லை, நானும் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறேன், இன்றைக்கும் உறுத்துகிறது. மனுவில் பதிவேட்டின் பெயரும் காலமும் தெளிவாக இருந்தால் எங்களுக்கு மறுக்க இடமே இருக்காது. பொத்தாம்பொதுவாக “அனைத்து ஆவணங்களும்” என்று வந்தால் அது மேஜையில் கிடக்கும்.

முதலில் கேட்டவர் நேரில் பார்த்தது மிகச் சரியான வழி. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பென்சில் எழுத்தும் அழித்த தடமும் ஜெராக்ஸில் சரியாக விழாது, கண்ணால்தான் பார்க்க முடியும். முப்பது நாள் தாண்டித் தரும் நகலுக்குப் பணம் கேட்கக் கூடாது, 7(6) பிரிவு, இது பலருக்குத் தெரியாமல் கட்டிவிடுகிறார்கள். கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் மட்டும் வைக்க வேண்டிய கோப்பு உண்டு, பத்து வருடம் வைக்க வேண்டியது உண்டு, நிரந்தரமாக வைக்க வேண்டியதும் உண்டு. எந்த உத்தரவின்படி எந்தத் தேதியில் அழித்தார்கள் என்ற பதிவைக் கேளுங்கள். நிஜமாகவே அழித்திருந்தால் அந்தக் காகிதம் இருக்கும்.

இன்னொன்று. சலுகை, அனுமதி பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும், பிரிவு 4(1)(பி)யில் பதிமூன்றாவதாக இருக்கிறது. வாடகை தள்ளுபடியும் சலுகைதான். யாருக்கெல்லாம் வாடகை தள்ளுபடி செய்தீர்கள் என்ற பட்டியலை நான் இருந்த ஆறு வருடத்தில் ஒரே ஒருவர்தான் கேட்டார்.

நாடகக் குழு நடத்துபவர்:

ஐயா, கடைசியாக நீங்கள் சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. நான் பார்த்த பேரேட்டில் சில வரிகளில் வாடகைக் கட்டத்தில் “விலக்கு” என்று மட்டும் எழுதி ஒரு கடித எண் போட்டிருந்தது, அதை நான் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். கூத்து ஜமாவுக்கும் பள்ளிக்கூட நாடகத்துக்கும் அந்த விலக்கு கிடைக்குமா, அதற்கு அரசாணை ஏதாவது இருக்கிறதா என்று அந்தக் கடிதங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வாரமே மனு அனுப்புகிறேன். தங்கச்சி, அப்பாவிடம் சொல்லுங்கள், பட்டியல் வந்ததும் முதல் நகல் உங்களுக்குத்தான். வேறு ஊரில் யாராவது அந்த விலக்கு உத்தரவின் நகலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் இங்கே போடுங்கள், மனுவில் அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன்.