குளிர்காலத்தில் முதியவர்களின் பின்னிரவு விழிப்பு: இரண்டு சந்தேகங்கள்

வணக்கம். 65 வயது தாண்டியவர்களுக்கான குளிர்காலத் தூக்கக் குறிப்பு ஒன்று தயாராகிறது. இரண்டு இடங்களில் உங்கள் உதவி வேண்டும்.

முடிவானவை: படுக்கையறை வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது. படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, 40 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் பாதங்களை நனைக்க வேண்டும். பாத ரத்தக்குழாய்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் வெளியேறும்; அந்த இறக்கம்தான் தூக்கத்தை அழைத்து வரும். துடைத்ததும் தளர்வான காலுறை. இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மறுபடி சில்லிடும். சர்க்கரை நோயால் பாத உணர்வு மங்கியவர்களுக்கு வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

முதல் சந்தேகம், சிறுநீருக்கு எழுவது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் சிறுநீர் கூடும். பகலில் காலில் தேங்கிய நீரும் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும். அதனால் மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைக்கச் சொல்கிறோம். சாய்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறார்கள், இரவுத் தூக்கம் போச்சு! எந்த நேரத்துக்கு மாற்றினால் சரிவரும்?

இரண்டாவது, வெளிச்சம். 7 மணிக்கே கண் சொருகி 3 மணிக்கு விழிப்பவர்களுக்கு அதிகாலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை இன்னும் முன்னே தள்ளும். அவர்களுக்குத் தேவை மாலை வெளிச்சம். விளக்கு பயன்படுத்தியவர்கள் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்? விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு என்ன செய்தீர்கள்?

தூக்க மாத்திரை யோசனை மட்டும் வேண்டாம். இரவில் எழும்போது தடுமாறி விழுவார்கள்.