பல்லு புடுங்கி ஆறு நாளாச்சு, மீன் எப்பத் திங்கலாம்?

பாம்பன் வலைக்காரன்:
கீழ்க்கடவாய்ப் பல்லு ஒண்ணைப் போன வியாழக்கிழமை புடுங்கியாச்சு. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில கிடக்கு, நான் பந்தல்ல உக்காந்து வலைக் கிழிசல் கட்டிக்கிட்டிருக்கேன். முப்பது வருசமா நைலான் நூலைப் பல்லாலயே கடிச்சு அறுத்துப் பழக்கம். அந்தப் பக்கத்துப் பல்லுதான் போச்சு.

டாக்டரம்மா பஞ்சை முக்கா மணி நேரம் கடிக்கச் சொன்னாங்க, கடிச்சேன். பீடி கூடாது, இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாதுன்னாங்க. சரி. மறுநாள் சாயங்காலம் தங்கச்சிமடத்துல இருந்து மச்சான் நுங்கு கொண்டு வந்தான். நல்ல இளசு. மெல்லுற வேலையே இல்லையேன்னு கட்டைவிரலை விட்டு நெம்பி ஒரு கண்ணை உறிஞ்சினேன். வாயெல்லாம் ரத்தம்! ஸ்ட்ராவைச் சொன்னவங்க நுங்கைச் சொல்லலையே. மறுபடி பஞ்சு வச்சுக் கடிச்சதும் நின்னுருச்சு.

இப்ப வலி குறைஞ்சிருக்கு. ஆனா குழிக்குள்ள வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு, சீழா? சோத்துப் பருக்கை வேற போய் உக்காந்துக்குது. கூட வேலை பாக்குறவரு, "பாலத்துக்கு அடியில போய் கடல் தண்ணியில கொப்புளி, அதுவும் உப்புத்தானே"ங்குறாரு. ஆறு நாளா ரசஞ்சோறு. நேத்து வீட்டுல சூடை மீன் வறுத்தாங்க, வாசனை தாங்காம எந்திரிச்சு வெளிய போய்ட்டேன்.

ராம்நாட்டு அக்கா:
தம்பி, நான் டாக்டர் இல்ல, பல் கிளினிக்குல பதினோரு வருசமா உதவிக்கு நிக்கிறேன். குழியில ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கணும், அதுதான் புண்ணுக்கு மூடி. எதை உறிஞ்சினாலும், வேகமாத் துப்பினாலும் அந்தக் கட்டி பேந்துரும். நுங்குல நீங்க பண்ணினது அதுதான். கட்டி போயிருந்தா ரெண்டாம் மூணாம் நாள்லயே வலி காது வரைக்கும் தெறிக்கும், வாய் நாறும். உங்களுக்கு வலி இறங்குதுன்னா அந்த வெள்ளை பெரும்பாலும் ஆறுற புண்ணு மேல வர்ற படலம்தான். தீக்குச்சி, ஊக்கு எதையும் விட்டுக் கிண்டாதீங்க. வலி ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போய்க் காட்டுங்க.

கடல் தண்ணி வேணவே வேணாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கிடக்கு, அதுலயும் படகு கட்டுற இடத்துத் தண்ணி டீசலும் மீன் கழிவுமா இருக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி, அரை ஸ்பூன் உப்பு. வாயில வச்சுத் தலையை அங்கிட்டும் இங்கிட்டும் சாய்ச்சிட்டு, துப்பாம அப்படியே வழிய விடுங்க. சாப்பிடுறப்பல்லாம் பண்ணினா பருக்கை தானா வந்துரும்.

உப்புக்காத்து:
குழியில கிராம்புத் தைலத்தை ஊத்துங்கண்ணே, ஒரே நாள்ல சரியாகிரும்.

ராம்நாட்டு அக்கா:
ஊத்தாதீங்க! வெறும் தைலம் புண்ணுல பட்டா வெந்துரும்.

கீழக்கரைப் பொண்ணு:
எங்க வாப்பாவுக்குப் போன வருசம் இதே கதை. நோன்புக் கஞ்சி மாதிரி அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வச்சு, ஆறினதும் கொடுத்தோம். ஒரு வாரம் கழிச்சு சீலா மீன். நடுத்துண்டை முள்ளெடுத்து, தேங்காப்பால் ஊத்தி, முண்டு மிளகாயைப் பாதியாக் குறைச்சு ஆணம், அதான் குழம்பு. சுறாப் புட்டுல முள்ளு இல்லையேன்னு ஆசைப்படாதீங்கண்ணே, உதிரி உதிரியா நேரா குழிக்குத்தான் போகும். வாப்பா கேக்காமத் தின்னுட்டு ராத்திரி பூரா கொப்புளிச்சாங்க. சூடை, நெத்திலி, முறுக்கெல்லாம் ஈறு மூடட்டும், ரெண்டு மூணு வாரம் ஆகும்.

பாம்பன் வலைக்காரன்:
நேத்து போய்க் காட்டுனேன். கண்ணாடி விட்டுப் பாத்துட்டு, நல்லா ஆறுது, இன்னும் ஒரு வாரம் மத்தப் பக்கமே மெல்லுங்கன்னாங்க. நுங்கைச் சொன்னேன், சிரிச்சிட்டாங்க.

தங்கச்சி, இன்னிக்கு மத்தியானம் உங்க பக்குவத்துலதான் சீலா. விசைப்படகு போகாததால விலை ஆகாசத்துல, ஒரே துண்டுதான் வாங்குனேன். பத்து நிமிசமா அதையே இடது பக்கம் ஒதுக்கி மென்னுக்கிட்டு இருந்தேன். பிள்ளைகள் என் வாயையே பாத்துச்சுக.

வீட்டுக்காரி கத்தரிக்கோலு ஒண்ணை நூல்ல கோத்து என் கழுத்துல மாட்டி விட்டுருக்கா. பந்தல்ல எல்லாரும் தையல்காரன்னு கூப்பிடுறானுக.