கிளவுட் ஈஆர்பி நம் கடலோர ஆலைகளுக்கு ஏற்றதா?

சேதராப்பட்டு_அட்டைப்பெட்டி:
வணக்கம். சேதராப்பட்டில் ஆலையும் கடலூர் சிப்காட்டில் கிடங்கும் நடத்துகிறோம். கொள்முதல், இருப்பு, பில், சம்பளம் எல்லாம் அலுவலகத் தரைத்தளத்திலுள்ள ஒரே சர்வரில் இருக்கின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியபோது, அந்த சர்வரை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு விடியும்வரை காவல் இருந்தோம். இவை எல்லாவற்றையும் இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைத்து நடத்தும் கிளவுட் ஈஆர்பி மென்பொருளுக்கு மாறலாமா?

கடலூர்_ஆடிட்டர்:
தாமதிக்காமல் மாறுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, நான் கணக்குப் பார்த்துவந்த ஒரு நிறுவனத்தில் சர்வரும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்தன. ஒன்பது மாதக் கணக்கை பில்களையும் வங்கிப் பட்டியலையும் கொண்டு மறுபடி எழுதினோம். மேலும், உங்களுடையது கம்பெனியாகப் பதிவானதென்றால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவதும், அப்பதிவை நிறுத்த இயலாததுமான மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். இந்தியாவிலுள்ள சர்வரில் அன்றாட பேக்கப்பும் கட்டாயம்.

சிப்காட்_உற்பத்தி:
ஐயா, மன்னிக்கவும், நான் மறுக்கிறேன். தானேவுக்குப் பிறகு எங்கள் பக்கம் பல நாட்கள் மின்சாரமும் இல்லை, செல்பேசித் தொடர்பும் இல்லை. கணக்கு மும்பையில் பத்திரமாக இருந்தாலும், இங்கே எடைமேடையில் நிற்கும் லாரிக்கு அதனால் என்ன பயன்?

கடலூர்_ஆடிட்டர்:
அன்றைக்குச் சொந்த சர்வரும் கைகொடுக்காது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதியும் மின்னணு பில், கட்டாயம். ஒவ்வொரு பில்லுக்கும் தரப்படும் ஐஆர்என் என்ற பதிவு எண் இணையம் வழியே அந்தத் தளத்திலிருந்து வராமல் மற்ற வணிகர்களுக்கு முறையான பில் போட முடியாது.

சிப்காட்_உற்பத்தி:
பில்லைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு. நான் முன்பு வேலை செய்த ஆலை மூன்றாண்டுகள் ஒரு கிளவுட் சேவையில் இருந்தது. சந்தாவை உயர்த்தியதால் வெளியேறினோம். கடைசி நாள் இருப்பைக் காட்டும் ஓர் எக்ஸெல் கோப்பை மட்டும் தந்தார்கள். எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கு) எந்த மூலப்பொருளிலிருந்து வந்தது, யார் ஒப்புதல் தந்தார் என்ற தொடர்பு முழுவதும் அவர்களிடமே தங்கிவிட்டது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டிய கடமை நம்முடையது. சந்தா நின்றதும் கணக்கைப் பூட்டிவிடும் அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கடலூர்_ஆடிட்டர்:
முழுத் தரவையும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கலாமே.

சிப்காட்_உற்பத்தி:
ஒப்பந்தத்தை எழுதுபவர்கள் அவர்கள். சிறிய ஆலை கேட்டதற்காக அதில் ஒரு வரியை மாற்றியதை நான் பார்த்ததில்லை.

சேதராப்பட்டு_அட்டைப்பெட்டி:
இருவருக்கும் நன்றி. இந்த வாரம் வரும் விற்பனைப் பிரதிநிதியிடம், மாதிரித் தரவைக் கொண்டு ஓராண்டு இருப்புப் பதிவேட்டை முழுமையாக வெளியே எடுத்துத் தரச் சொல்லப் போகிறேன். அதை எங்கள் கணக்கர் டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றிக் காட்டிய பிறகே விலை பேசுவோம். கேட் பதிவேடும் எடைச்சீட்டும் எப்படியும் காகிதத்திலேயே தொடரும்.