காரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் காய்ந்து படிந்த மெழுகை எடுப்பது எப்படி?

கேள்வி – கல்லடியிலிருந்து

வணக்கம். என்னிடம் வெள்ளை நிற சுசுகி ஹஸ்லர் ஒன்று இருக்கிறது. சக்கரங்களுக்கு மேலே வளைந்து செல்லும் பகுதியும் கதவுகளின் அடிப்புறமும் வர்ணம் பூசப்படாத, தோல்போலச் சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கால் ஆனவை. போன போயா விடுமுறையன்று முதன்முறையாக நானே பொலிஷ் போட்டு, அதன்மேல் மெழுகும் பூசினேன். பிற்பகலில் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்ததால், ஒரு கதவைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த கதவில் மெழுகு இறுகிவிட்டது. அவசரத்தில் துணி பிளாஸ்டிக்கின் மேலும் பட்டிருக்கிறது. இப்போது வர்ணப் பகுதி பளிச்சென்று இருக்க, கறுப்புப் பகுதி முழுவதும் சுண்ணாம்புக் கையால் தொட்டதுபோல வெள்ளைத் திட்டுகளாகக் கிடக்கிறது. ஷாம்பூ போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன். ஈரமாக இருக்கும்போது திட்டுகள் மங்குகின்றன; காய்ந்ததும் அதே இடத்தில் மீண்டும் தெரிகின்றன. மைத்துனர் தின்னரால் துடைக்கச் சொல்கிறார். பல வருடங்கள் சேமித்து வாங்கிய வாகனம் என்பதால் கை வைக்கப் பயமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழி கூறுங்கள்.

பதில் – ஆரையம்பதியிலிருந்து

தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு இலேசாகத் தேய்த்துப் பாருங்கள். என் வானில் இப்படித்தான் செய்தேன், உடனே கறுத்துவிட்டது.

பதில் – கல்முனையிலிருந்து

தம்பி, எண்ணெய் பூசினால் கறுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான்; ஆனால் மெழுகு அங்கேயேதான் இருக்கும். எண்ணெய் அதை மூடி மறைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மழையில் எண்ணெய் கழுவுப்பட்டுப் போனதும் வெள்ளை திரும்பிவரும். அதுவரை வீதிப் புழுதியெல்லாம் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். பதினான்கு வருடங்களாக வாகனம் கழுவும் வேலையில் இருக்கிறேன். எண்ணெய் பூசிக்கொண்டு வந்த வாகனங்களில்தான் எனக்கு இரட்டை வேலை.

முதலில் அது மெழுகுதானா என்று உறுதிப்படுத்துங்கள். நீண்டகாலம் வெயில் பட்டு வெளுத்த பிளாஸ்டிக்கும், கிணற்று நீர் காய்ந்து விட்ட உப்புக் கறையும் ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் தெரியும். ஆகவே நீர் அந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் மெழுகு. பரவி ஊறிக் கறுத்தால் அது வெயிலின் வேலையாக இருக்கலாம். எந்தக் கழுவலும் அதற்கு உதவாது. உப்புக் கறையென்றால் நீர் கலந்த வினாகிரியில் கரையும், மெழுகு கரையாது.

மெழுகென்றால், அது பிளாஸ்டிக்கின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கி இறுகியிருக்கிறது. துணி மேட்டை மட்டும்தான் தொடும், பள்ளத்தைத் தொடாது. உங்கள் மூன்று கழுவலும் வீணானதற்குக் காரணம் அதுதான். கை பொறுக்கும் சூட்டில் நீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தைச் சற்றுக் கூடுதலாகக் கலந்து, மென்மையான பற்தூரிகையால் ஓர் உள்ளங்கை அகலமுள்ள இடத்தை மட்டும் வட்டமாகத் தேயுங்கள். நுரை பால் கலந்ததுபோல வெளுத்து வரும். அந்த நுரை காய்வதற்கு முன்பே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கிளம்பிய மெழுகு மறுபடியும் அதே பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெரும்பாலானோர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்: கதவு முழுவதையும் தேய்த்துவிட்டுக் கடைசியில் நீர் ஊற்றுவார்கள்.

அதற்கும் போகாத இடத்துக்கு கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் ஐசோபுரோப்பைல் மதுசாரத்தைச் சம அளவு நீரில் கலந்து, தூரிகையில் தொட்டுத் தேயுங்கள். வர்ணத்தில் வழிந்தால் அங்கே நீங்கள் பூசிய மெழுகும் போய்விடும். ஆகவே பிளாஸ்டிக்கின் ஓரம் நெடுக மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நிழலில் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணன். காலையிலேயே நீர் தெளித்துப் பார்த்தேன். முத்து முத்தாகத்தான் நின்றது. நீங்கள் சொன்னபடி முன் இடது சக்கரத்தின் மேற்பகுதியைச் செய்து முடித்தேன். வெள்ளை நுரையை ஒற்றி எடுத்த துணி சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்தது. அந்தப் பகுதி இப்போது முழுக்கக் கறுப்பு. ஆனால் கதவின் விளிம்பை ஒட்டிய ஒடுக்கமான கோட்டுக்குள் தூரிகை இறங்கவில்லை. அங்கே சூடான காற்று ஊதும் கருவியைப் பயன்படுத்தலாமா?

பதில் – அக்கரைப்பற்றிலிருந்து

தயவுசெய்து வேண்டாம். கார் மெழுகுகளில் சேர்க்கப்படும் கார்னோபா என்ற பனையிலை மெழுகு ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியசில் உருகும். இத்தகைய பாகங்கள் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீனால் ஆனவை, அது ஏறத்தாழ 160 பாகையில் உருகும். வர்ணம் உரிக்கப் பயன்படும் அந்தக் கருவியோ 300 பாகைக்கு மேலும் ஊதும். ஒரு கணம் கை தாமதித்தால் சொரசொரப்பு உருகி வழவழப்பாகிவிடும். அந்த மினுக்கத்தைப் பிறகு எதனாலும் மாற்ற முடியாது. தின்னர், பெற்றோல், மண்ணெண்ணெய் மூன்றையும் அருகில் கொண்டுவர வேண்டாம். கதவு ஓர இறப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் (EPDM) என்ற செயற்கை இறப்பர் வகையைச் சேர்ந்தது. பெற்றோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப் பருத்துவிடும்.

ஒடுக்கமான கோட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பர் போதும். நிற அழிறப்பர் சாயம் விடலாம். பிளேடால் ஒரு முனையைக் கூராக வெட்டி, பிளாஸ்டிக் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒரே திசையில் தேயுங்கள். உதிரும் துகளோடு மெழுகும் சுருண்டு வரும். கறை அழிக்கும் மெலமைன் பஞ்சு வேகமாக வேலை செய்யும். ஆனால் அது மெல்லிய உப்புத்தாள் போன்றது, மேட்டையே அராவிவிடும்.

கேள்வி கேட்டவர்

மகளின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து அழிறப்பரை வாங்கி, நான்கு கதவுகளின் விளிம்பையும் முடித்துவிட்டேன். துகள்கள் வெள்ளைப் புழுப்போல் சுருண்டு விழுந்தன; ஊதிவிட்டு ஈரத்துணியால் துடைத்ததும் கோடு கறுத்துவிட்டது. ஒன்றரை நாளாகிறது, காய்ந்த பின்னும் வெள்ளை திரும்பவில்லை. பின் பம்பரின் அடிப்பகுதியில் மட்டும் மூன்று விரல் அகலத்தில் ஒரு மங்கல் எஞ்சியிருக்கிறது. அங்கே நீர் முத்தாக நிற்கவில்லை, பரவுகிறது. வினாகிரி தொட்டுத் துடைத்தபோது பாதி போய்விட்டது. ஆகவே அது எங்கள் கிணற்று நீரின் கறை என்று நினைக்கிறேன். மீதியை நாளை காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.