ஹீப்னு கேட்டார், நான் மெமரியைச் சொன்னேன்

பெல்லந்தூர்வாசி:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. வேலை இன்டர்வியூல மூணாவது ரவுண்டு. "பத்து லட்சம் எண் ஒண்ணொண்ணா வருது. அதுல பெரிய நூறு மட்டும் எப்பவும் கையில இருக்கணும். எதுல வைப்பீங்க?" நான் முழிக்கவும் அவரே "ஹீப்?"னு எடுத்துக் கொடுத்தார். அவர் கேட்டது எண்களை மரம் மாதிரி மட்டம் மட்டமா அடுக்கி, பெருசையோ சின்னதையோ உச்சியில வைக்கிற ஹீப். ப்ரோக்ராம் ஓடும்போது கேட்டு வாங்குற மெமரிக்கும் ஹீப்னுதான் பேர், நான் உடனே அந்த மெமரி ஹீப்பைப் பிடிச்சுக்கிட்டேன். மெமரியைக் கேட்டு வாங்குற மல்லாக், திருப்பிக் கொடுக்கிற ஃப்ரீ, கொடுக்க மறந்தா வர்ற மெமரி லீக்னு அஞ்சு நிமிஷம். அவர் மறுத்துப் பேசல, பேனாவை மூடி வெச்சார். அந்த 'டக்' சத்தம் இன்னும் காதுல இருக்கு. பேர்தான் ஒண்ணு, ரெண்டும் வேற வேறன்னு நாலு வருஷப் படிப்புல ஒருத்தரும் சொல்லல.

மடிவாளா பிஜி:
எனக்கு வேற மாதிரி. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், தருமபுரி பக்கம். பெங்களூர் காலேஜ்ல முதல் வாரம். "ரிகர்ஷன் தெரியாதவங்க கை தூக்குங்க"ன்னாங்க, தூக்கினேன். மேடம் போர்டுல 5! = 5 × 4!னு எழுதினாங்க. ஒரு கணக்கு தன்னையே இன்னும் சின்னதா திரும்பக் கூப்பிடுறது. ஐயோ, இது தமிழ்ல நான் படிச்ச தற்சுழற்சி! எத்தனை தடவை எழுதிப் பார்த்திருக்கேன். எந்திரிக்கப் போனேன், அந்தச் சொல் அங்க யாருக்குப் புரியும்? தூக்கின கையை இறக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

டொம்லூர் அண்ணன்:
பெல்லந்தூர் தம்பி, யாரும் சொல்லலைன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். இந்த ஹீப்பை வெச்சு எண்களை வரிசைப்படுத்துற ஹீப் சார்ட் 1964லயே வில்லியம்ஸ் எழுதினது, நிறைய சிலபஸ்ல இருக்கு. பேரை விட்டுட்டு வேலையைப் பிடிங்க. பெரிய நூறு வேணும்னா சின்னது உச்சியில நிக்கிற மின் ஹீப் வைக்கணும், பெருசு நிக்கிற மேக்ஸ் ஹீப் இல்ல. உச்சியில நிக்கிறது அந்த நூறுலயே சின்னது. புதுசா வர்றது அதை விடப் பெருசா இருந்தா அதைத் தூக்கிட்டு இதை வைங்க, ஏழு மட்டத்துக்குள்ள சரியான இடத்துக்கு இறங்கிடும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் காட்டுற பாயின்டர் வேண்டாம், அடுத்தடுத்து எண் வைக்கிற ஒரு அரே போதும்: இடங்களை 0-ல இருந்து எண்ணினா, i-ஆவது இடத்துக்கு நேர் கீழ இருக்கிற பிள்ளைங்க 2i+1, 2i+2. பேப்பர்ல பத்து எண் வெச்சு ஓட்டிப் பாருங்க.
என் கதை சின்னது. டீம்ல ஒரு தமிழ்ப் பொண்ணு. "வர்ற ஆர்டரை வரிசையில போடும்மா"ன்னேன். நான் சொன்னது க்யூ, முதல்ல வந்தது முதல்ல போறது. அவ வரிசைன்னா வரிசைப்படுத்துறதுன்னு எடுத்துக்கிட்டு, தொகைப்படி சார்ட் பண்ணிட்டா. முதல்ல கேட்டவருக்குக் கடைசியில போச்சு. தப்பு என்னோடது.

பெல்லந்தூர்வாசி:
அண்ணா, மின் ஹீப் விஷயம் அன்னிக்கு ராத்திரியே பஸ்ல படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். சில்க் போர்டு ஜங்ஷன் தாண்டுறதுக்குள்ள புரிஞ்சிடுச்சு. அதான் உறுத்துது.